வெள்ளித் துகளுக்கு மூலை வைப்பது எது? நானோ துகளின் வடிவமும் பாலிமரும்

திருப்பூர்ப் பக்கம் துணி ஃபினிஷிங்கில் 'நானோ சில்வர்' என்ற சொல் சாதாரணமாகப் புழங்க ஆரம்பித்துவிட்டது. சாக்ஸ், உள்ளாடை, விளையாட்டு உடை, மருத்துவமனைத் துணி என்று வியர்வை நாற்றமும் கிருமியும் தொல்லை தரும் இடங்களில் எல்லாம் கேட்கிறார்கள். கேனில் ஒட்டியிருக்கும் தாளில் இத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வெள்ளி என்று இருக்கும், வாங்குகிறவரும் அந்த ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார். ஆனால் ஒரே எடை வெள்ளி உருண்டைத் துகளாக இருந்தால் ஒரு மாதிரியும், தட்டை முக்கோணமாக இருந்தால் வேறு மாதிரியும் வேலை செய்யும். கரைசலின் நிறமே வேறாகத் தெரியும். அந்த வடிவத்தை முடிவு செய்வதில் பெரிய பங்கு, கூடவே போடும் பாலிமருக்கு. அது எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2023 வேதியியல் நோபல் குவாண்டம் புள்ளிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது 'துகளின் அளவு மாறினால் நிறம் மாறும்' என்று எல்லா இடத்திலும் எழுதினார்கள். அது குறைகடத்தித் துகள்களின் கதை. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் மாதிரி உலோகத் துகள்களில் அளவோடு வடிவமும் சேர்ந்து நிறத்தைத் தீர்மானிக்கிறது, பல சமயம் வடிவம்தான் அதிகம் பேசுகிறது.

எவ்வளவு சின்னது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஒரு பருத்தி இழையின் தடிமனே பத்தாயிரம் நானோமீட்டருக்கு மேல் இருக்கும். நாம் பேசும் துகள்கள் ஏறக்குறைய 5 முதல் 100 நானோமீட்டர் வரை.

இவ்வளவு சின்னதாக்குவதால் என்ன லாபம்? ஒரு சென்டிமீட்டர் கனசதுர வெள்ளிக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் பத்தரை கிராம், அதாவது ஒண்ணேகால் பவுனுக்குக் கொஞ்சம் கூட. அதன் வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும், கிட்டத்தட்ட 15 சென்ட் நிலம். கிருமியைத் தொடுவதும் வேதிவினை நடப்பதும் வெளிப்பரப்பில்தான் என்பதால் இத்தனை ஆர்வம்.

உலோகத்துக்கும் முகம் உண்டு

வெள்ளி அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டவை. சந்தையில் எலுமிச்சையை அடுக்கி வைப்பதைப் போல நினைத்துக்கொள்ளலாம். அந்த அடுக்கை எந்தக் கோணத்தில் வெட்டுகிறோமோ அதைப் பொறுத்து வெட்டுமுகத்தில் அணுக்கள் இருக்கும் முறை மாறும். நமக்கு வேண்டியது இரண்டு முகங்கள்தான், கீழே வரும் எண்கள் படிக ஆய்வில் அவற்றுக்கு வைத்த பெயர்கள்.

1. 111 முகம். நெருக்கமான அடுக்கு. ஒவ்வொரு அணுவையும் அதே தளத்தில் ஆறு அணுக்கள் சுற்றித் தொடும்.
2. 100 முகம். சதுரக் கட்டம் போட்ட அடுக்கு. ஒவ்வொரு அணுவையும் அதே தளத்தில் நான்கு அணுக்கள் தொடும்.

உலோகத்தின் உள்ளே இருக்கும் அணுவுக்கு மொத்தம் 12 அண்டை அணுக்கள். 111 முகத்தில் இருக்கும் அணுவுக்கு 9, 100 முகத்தில் இருப்பதற்கு 8. அண்டை குறையக் குறைய அந்த அணுவுக்கு 'இன்னும் யாராவது வந்து ஒட்டினால் தேவலை' என்ற நிலை. அதனால் யாரும் தலையிடாவிட்டால் 100 முகத்தில் புது அணுக்கள் வேகமாக வந்து சேரும், 111 முகம் மெதுவாக வளரும்.

கனசதுரத்தின் ஆறு பக்கங்களும் 100 வகை. எண்முகி என்று ஒரு வடிவம் உண்டு, இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி சேர்த்து ஒட்டியது மாதிரி. அதன் எட்டு பக்கங்களும் 111 வகை. துகள் எந்த வடிவமாகும் என்பது இந்த இரண்டு முகங்களில் எது கடைசியில் மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு படிகம் தன் மொத்தப் பரப்பு ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும் வடிவத்தை நாடும் என்று ஜியார்ஜ் வுல்ஃப் 1901-லேயே காட்டிவிட்டார்.

மெதுவாக வளரும் முகமே மிஞ்சும்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் நின்று போகலாம். வேகமாக வளரும் முகம்தானே பெரிதாக வேண்டும்? உண்மையில் நடப்பது நேர்மாறு.

கனசதுரமான ஒரு மைசூர்பாகுத் துண்டை எடுத்து அதன் எட்டு மூலைகளையும் கத்தியால் லேசாகச் சீவுங்கள். மூலைக்கு ஒன்றாக எட்டு சின்ன முக்கோண முகங்கள் கிடைக்கும். இப்போது ஒரு முக்கோணத்தின் மேல் மட்டும் அடுக்கடுக்காக மைசூர்பாகை வைத்துக்கொண்டே போங்கள். பக்கத்துச் சதுர முகங்கள் அப்படியே இருப்பதால் ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிடச் சின்ன முக்கோணமாகத்தான் அமையும், கடைசியில் ஒரு புள்ளியில் போய் முடியும். மூலை திரும்பி வந்துவிட்டது, முக்கோண முகம் காணாமல் போய்விட்டது. வேகமாக வளர்ந்த முகம் தன்னைத் தானே அழித்துக்கொண்டது. வளராமல் நின்ற சதுர முகங்கள்தான் துகளின் கடைசி உருவம்.

ஆக, கனசதுரம் வேண்டும் என்றால் 100 முகத்தின் வளர்ச்சியைத் தடுத்தால் போதும். மீதியைப் படிகமே செய்துகொள்ளும்.

பாலிமர் வரும் இடம்

பாலிமர் என்றால் ஒரே மாதிரிச் சின்ன அலகுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலி. கொங்கு நாட்டில் இதைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சோமனூர், பல்லடம், ஈரோடு வட்டாரத் தறிகளுக்குப் போகும் பாவு நூலுக்கு சைசிங் மில்லில் போடும் கஞ்சி ஒரு பாலிமர்தான். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு மாவும் அதேதான், அதோடு கலக்கும் பி.வி.ஏ.வும் (பாலிவினைல் ஆல்கஹால்) அதேதான். கஞ்சி நூலின் மேல் படலமாகப் படிந்து பிசிரை அமுக்குகிறது, பக்கத்து இழையோடு சிக்காமல் காக்கிறது.

நானோ துகளின் மேலும் பாலிமர் செய்யும் முதல் வேலை இதேதான். சும்மா விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டி அடியில் தங்கிவிடும். சங்கிலிகள் மேலே படிந்து புதர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு துகள்கள் நெருங்க முடியாது. ஸ்டார்ச்சையே இதற்குப் பயன்படுத்தலாம். குளுக்கோஸ், ஸ்டார்ச், தண்ணீர் இவற்றை வைத்தே வெள்ளி நானோ துகள் செய்து 2003-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது வேலையில் கஞ்சி உவமை நின்றுவிடும். கஞ்சி நூல் முழுக்க ஒரே மாதிரி படியும். சில பாலிமர்கள் உலோகத் துகளின் எல்லா முகத்திலும் ஒரே மாதிரி படிவதில்லை, முகம் பார்த்து உட்காருகின்றன.

இதில் பெயர் போனது பாலிவினைல் பைரோலிடோன், சுருக்கமாக பி.வி.பி. காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் மருந்தில் அயோடினைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். மாத்திரையை உதிராமல் இறுக்கிப் பிடிக்கவும் இதைச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு அலகிலும் ஒரு வளையம், அதில் ஓர் ஆக்சிஜன் அணு துருத்திக்கொண்டு நிற்கும். அந்த ஆக்சிஜன் வெள்ளி அணுவைப் பிடிக்கிறது. ஒரு தனிப் பிடிக்கு வலு குறைவு. ஆனால் ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் 55,000 மூலக்கூறு எடை கொண்ட சங்கிலியில் ஏறத்தாழ 500 வளையங்கள் இருக்கும். வெல்க்ரோ பட்டையைப் போலத்தான் இதுவும், ஒரு கொக்கி விட்டால் இன்னொன்று பிடித்திருக்கும். பி.வி.பி. 111 முகத்தைவிட 100 முகத்தில் இறுக்கமாக உட்காருகிறது. அங்கே புது வெள்ளி அணு வந்து சேரத் தடங்கல், வரும் அணுக்கள் 111 முகத்துக்குத் திரும்புகின்றன, அது வேகமாக வளர்ந்து மறைகிறது, கனசதுரம் மிஞ்சுகிறது.

வெல்லத்துக்கு அச்சு இருப்பதைப் போல பாலிமரும் ஓர் அச்சு என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் சொன்னால் விஷயமே மாறிவிடும். இங்கே வார்ப்பு ஏதும் நடப்பதில்லை. ஒரு முகத்தைத் தாமதப்படுத்துவது மட்டுமே நடக்கிறது.

ஆய்வகத்தில் எப்படிச் செய்கிறார்கள்

1996-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் முஸ்தஃபா எல்-சயீத் குழு பிளாட்டினத்தில் இதைக் காட்டியது. பிளாட்டினம் உப்புக் கரைசலில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பாலிமரைப் போட்டு, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினார்கள். உப்பு மாறவில்லை, வாயு மாறவில்லை, பாலிமருக்கும் உப்புக்கும் உள்ள விகிதத்தை மட்டும் மாற்றினார்கள். ஒன்றுக்கு ஒன்று என்றால் பெரும்பாலும் கனசதுரம், ஐந்துக்கு ஒன்று என்றால் நான்முகி, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம். எவ்வளவு பாலிமர் என்பதே வடிவத்தைத் திருப்பும் என்று தெரிந்தது.

2002-ல் யுகாங் சன், யூனன் சியா இருவரும் வெள்ளிக் கனசதுரங்களை வெளியிட்டார்கள். இன்றுவரை பலரும் பின்பற்றும் முறை அது:

1. எத்திலீன் கிளைக்காலை சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். பாலியெஸ்டர் செய்ய மூலப்பொருளாகப் போவது, கார் ரேடியேட்டர் கூலன்டில் இருப்பது, அதே எத்திலீன் கிளைக்கால்தான். இங்கே அது கரைப்பானாகவும் இருக்கிறது, சூட்டில் மாறி வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக்கும் வேலையையும் பார்க்கிறது.
2. சில்வர் நைட்ரேட்டையும் பி.வி.பி.யையும் அதில் சீராகச் சேர்க்க வேண்டும்.
3. முதலில் வெள்ளி அணுக்கள் கரைசலில் பெருகும். ஒரு அளவைத் தாண்டியதும் சின்னச் சின்ன விதைகளாகக் கூடும். கற்கண்டு காய்ச்சுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம், பாகு பதம் தாண்டியதும் நூலில் படிகம் பிடிக்க ஆரம்பிக்கும், ஒரே நேரத்தில் நிறைய விதை பிடித்தால் பொடியாகிவிடும்.
4. அதற்கப்புறம் வரும் வெள்ளி, விதைகளின் மேல் முகம் பார்த்துப் படிகிறது.

விதையின் உள்ளமைப்பு வேறாக இருந்தால் அதே பி.வி.பி. வேறு வடிவத்தைத் தரும். ஐந்து துண்டுகள் நட்சத்திரம் போலச் சேர்ந்த விதை கிடைத்தால், அது நீளத் தொடங்கும்போது பக்கவாட்டு முகங்கள் 100 வகை, இரண்டு முனைகளிலும் 111 வகை. பக்கவாட்டை பி.வி.பி. மூடிவிடுகிறது, முனைகள் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். முடிவில் பல பத்து நானோமீட்டர் தடிமனில் பல மைக்ரோமீட்டர் நீளக் கம்பி. ஒளி புகும், மின்சாரமும் கடத்தும் படலங்கள் செய்ய இந்த வெள்ளி நானோ கம்பிகள் பயன்படுகின்றன.

பாலிமரின் பங்கைத் தெளிவாகக் காட்டும் சோதனை 2010-ல் வந்தது. ஒரே வகை வெள்ளி விதைகளை எடுத்து, ஒரு பாத்திரத்தில் பி.வி.பி., இன்னொன்றில் சிட்ரேட். சிட்ரேட் பாலிமர் இல்லை, எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தின் உப்பு, அதற்கு 111 முகத்தின் மேல் பிடிப்பு அதிகம். பி.வி.பி. பக்கம் கனசதுரங்கள் வந்தன, சிட்ரேட் பக்கம் எண்முகிகள் வந்தன. விதை ஒன்றே, மேலே உட்காரும் மூலக்கூறு மட்டும் வேறு.

ஆனால் கதை அவ்வளவு நேர்கோடு இல்லை

மேலே சொன்னது பாடப்புத்தக விளக்கம். அதை மட்டும் நம்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் பல தடவை கைவிட்டுவிடும்.

குளோரைடு அயனி துளி அளவு இருந்தாலே முடிவு மாறுகிறது. காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து அது மேலே சொன்ன ஐந்து துண்டு விதை மாதிரிக் கோணலான விதைகளை அரித்துக் கரைத்துவிடும், ஒழுங்கான ஒற்றைப் படிக விதைகள் தப்பிக்கும். கனசதுரம் வேண்டும் என்றால் இது நல்லது, நானோ கம்பி வேண்டும் என்றால் ஆக்சிஜனின் அரிப்பை அடக்க வேண்டும். 100 முகத்தில் குளோரைடும் போய் உட்காருகிறது என்பதால், கனசதுரம் வருவதில் பி.வி.பி.யின் பங்கு எவ்வளவு, குளோரைடின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. பி.வி.பி. சங்கிலியின் முனையில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி தானும் வெள்ளி அயனியை உலோகமாக்கும் என்பது வேறு. காவலுக்கு வைத்தவரே சமையலிலும் கை வைக்கிறார் என்றால் அளவுகளை எவ்வளவு கவனமாக வைக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சங்கிலி நீளம் மாறினாலும் விளைவு மாறும்.

எத்திலீன் கிளைக்கால் எந்தக் கம்பெனியுடையது என்பதைப் பொறுத்துகூட விளைச்சல் மாறியது, காரணம் அதில் கலந்திருந்த துளி இரும்பும் குளோரைடும். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டாம். தண்ணீர் மாறினால் ஷேடு மாறும், லாட்டுக்கு லாட் சண்டை வரும். அதே சிக்கல்தான், இங்கே அளவு மட்டும் இன்னும் நுணுக்கம்.

வடிவம் மாறினால் எது எது மாறும்

1. நிறம். உலோகத் துகளின் மேல் ஒளி பட்டால் அதன் எலக்ட்ரான்கள் கூட்டமாக ஊசலாடும், குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை விழுங்கிச் சிதறடிக்கும். சின்ன வெள்ளி உருண்டைகளின் கரைசல் மஞ்சளாகத் தெரியும், தட்டை முக்கோணங்களுடையது நீலமாகத் தெரியும். தங்க உருண்டை சிவப்பு. வீட்டில் செய்யும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். மைக்கேல் ஃபாரடே 1857-ல் லண்டனில் தயாரித்த சிவப்புத் தங்கக் கரைசலும் இதே சங்கதி.

2. வினையூக்கம். மூலையிலும் விளிம்பிலும் இருக்கும் அணுக்களுக்கு அண்டை குறைவு என்பதால் அவை சுறுசுறுப்பானவை. 2004-ல் ராதா நாராயணன், எல்-சயீத் இருவரும் ஒரே வினைக்கு மூன்று வடிவப் பிளாட்டினத்தை ஒப்பிட்டார்கள். கூர் மூலை கொண்ட நான்முகி முதலிடம், அடுத்து உருண்டை, கடைசியில் கனசதுரம். கூடவே ஒரு தொல்லையும் உண்டு, வினை நடக்க நடக்க அந்தக் கூர் மூலை மழுங்கிவிடும்.

3. கிருமி. ஈ. கோலை பாக்டீரியாவின் மேல் 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், முனை வெட்டிய முக்கோணத் தட்டுகள் உருண்டை, குச்சி வடிவங்களைவிட நன்றாக வேலை செய்தன. முக்கோணத் தட்டின் விரிந்த தளம் 111 வகை என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்கள். ஆனாலும் துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி, துகளின் அளவு, மேலே இருக்கும் பாலிமர் எல்லாம் சேர்ந்துதான் முடிவு என்பதால், முக்கோணம் என்று கேட்டதுமே நல்ல சரக்கு என்று முடிவு கட்டிவிட முடியாது.

வடிவத்தைக் கொடுத்த பாலிமரே பிற்பாடு தடையாகவும் நிற்கும். வினையூக்கி என்றால் உலோகப் பரப்பு வெளியே தெரிய வேண்டும், மேலே பி.வி.பி. போர்த்திக்கொண்டிருந்தால் மூலக்கூறு உள்ளே வர முடியாது. சூடு காட்டி எரித்து எடுத்தால் மூலைகள் உருகி உருண்டையாகிவிடும். கழுவி எடுத்தால் துகள்கள் கட்டி தட்டும். துணியிலிருந்து கஞ்சியை எடுக்கும் டிசைசிங் எவ்வளவோ சுலபம்.

துவைத்த தண்ணீர் எங்கே போகிறது

2008-ல் அமெரிக்காவில் வெள்ளி போட்ட பல சாக்ஸ்களைத் தண்ணீரில் அலசிப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் வெள்ளியைக் கழற்றிவிட்டது. அதாவது வெள்ளி துணியில் எப்படிப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம்.

வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் தொடங்கி கோவை, திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகும் நொய்யலின் கரையில் இருக்கிற நாம் இதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச முடியாது. சாயக் கழிவால் அந்த ஆறு பட்ட பாடும், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் மறக்கிற விஷயங்கள் இல்லை. அதற்கப்புறம் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு நிறையச் செலவு செய்திருக்கிறார்கள். அந்த நிலையங்களில் ஒரு கட்டத்தில் கழிவைத் தின்று தீர்ப்பது பாக்டீரியாதான். பாக்டீரியாவைக் கொல்லும் பொருள் அதே தொட்டிக்குள் போனால் என்ன ஆகும் என்று கேட்பது நியாயம். கழிவுநீரில் கந்தகம் இருந்தால் வெள்ளி சில்வர் சல்ஃபைடாக மாறும், கரைவது மிகவும் குறைந்துவிடும், நச்சும் தணியும். ஓரளவு ஆறுதல். அது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதோ துகளின் அளவையும் மேலே இருக்கும் பூச்சையும் பொறுத்தது, அதனால் திரும்பவும் பாலிமரிடமே வந்து நிற்கிறோம்.

கேன் வாங்கும் முன்

பிபிஎம் எண்ணோடு இவற்றையும் விற்பவரிடம் கேட்கலாம்.

1. துகளின் சராசரி அளவும் வடிவமும் என்ன, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இருக்கிறதா?
2. மேலே இருக்கும் பாலிமர் எது? அது நம்முடைய பைண்டரோடும் சாஃப்ட்னரோடும் ஒத்துப்போகுமா? பொருந்தாத ரசாயனம் பட்டால் பாலிமர் விலகித் துகள் கட்டி தட்டும், துணியை முக்கும் பாத் கரைசல் சாம்பல் நிறமாகும்.
3. எத்தனை துவைப்புக்கு அப்புறம் எவ்வளவு வெள்ளி துணியில் மிச்சம்?

எலக்ட்ரான் நுண்ணோக்கி எல்லா ஊரிலும் இருக்காது, ஆனால் கரைசல் வழியாக ஒளியை அனுப்பி அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் சாய ஆய்வகங்களில் கிடைக்கும். கரைசலை நன்றாக நீர்த்து அளந்தால், உருண்டை வெள்ளிக்கு வரைபடத்தில் 400 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முகடு வரும், துகள் ஒளியை அதிகம் விழுங்கும் இடம் அது. முக்கோணத் தட்டு என்றால் முக்கிய முகடு சிவப்புப் பக்கம் தள்ளிப் போயிருக்கும், கூடவே சின்ன முகடுகளும் தெரியும். கேன் வந்த அன்று ஒரு தடவை அளந்து வரைபடத்தை எடுத்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து அதே கேனிலிருந்து இன்னொரு தடவை அளங்கள். சிவப்புப் பக்கம் இருந்த முகடு நீலப் பக்கம் நகர்ந்திருந்தால், பாலிமர் பிடி தளர்ந்து மூலைகள் மழுங்க ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம்.